கூட வந்தவரைக் கேட்டால் போதுமா?

அறிவுசார் குறைபாடு உள்ள ஒருவர் மருத்துவமனைக்குப் போனால் நம் ஊரில் நடப்பது ஏறக்குறைய எங்கும் ஒரே மாதிரிதான். ‘என்ன பண்ணுது இவனுக்கு?’ என்று மருத்துவர் கூட வந்தவரைக் கேட்பார். கூட வந்தவர் சொல்வார், மருந்து எழுதப்படும். நோயாளிக்கு வயது நாற்பது ஆகியிருந்தாலும் அந்த அறையில் அவர் குழந்தைதான், ‘இவன்’தான். இதில் தவறு இருப்பதாக யாருக்கும் தோன்றுவதில்லை; நோயாளியின் வீட்டாருக்கும் தோன்றுவதில்லை. இத்தகைய நோயாளிகளுக்குச் சொல்லத் தெரியாது, சொன்னாலும் நம்ப முடியாது, பெற்றவளைவிட வேறு யாருக்குத் தெரிந்துவிடப் போகிறது என்று ஒரு கருத்து நம்மிடையே வேரோடியிருக்கிறது. அது அக்கறையின் குரலில் பேசுவதால், மறுத்துப் பேசுகிறவர்தான் இரக்கமற்றவராகத் தெரிவார். பரவாயில்லை. அந்தக் கருத்து மருத்துவத்தின்படியும் தவறு, சட்டத்தின்படியும் தவறு. அதோடு, ஆளைக் கொல்லவும் செய்கிறது.

கொல்கிறது என்பது மிகையல்ல. இதை எண்ணிப் பார்த்த நாடு இங்கிலாந்து. அங்கே மென்கேப் என்ற அமைப்பு 2007-இல், அரசு மருத்துவச் சேவையின் பொறுப்பில் இருக்கும்போதே இறந்துபோன அறிவுசார் குறைபாடு உள்ள 6 பேரைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. அதையொட்டி ஜொனாதன் மைக்கேல் தலைமையில் விசாரணை நடந்து 2008-இல் அறிக்கை வந்தது. பிறகு பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தினர் தென்மேற்கு இங்கிலாந்தில் 2010 முதல் 2012 வரை நேர்ந்த இத்தகைய 247 மரணங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து ஆராய்ந்தார்கள். 2013-இல் வெளியான அவர்களது முடிவின்படி, அறிவுசார் குறைபாடு உள்ள ஆண்கள் மற்ற ஆண்களைவிட 13 ஆண்டுகளும், பெண்கள் மற்றப் பெண்களைவிட 20 ஆண்டுகளும் முந்தி இறக்கிறார்கள். குறைபாடு இருந்தால் ஆயுள் குறைவதில் என்ன வியப்பு என்று கேட்பவர்கள் அடுத்த எண்ணைப் பார்க்க வேண்டும். நல்ல மருத்துவம் கிடைத்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய மரணங்கள் இவர்களிடையே 37 விழுக்காடு. பொதுமக்களிடையே 13 விழுக்காடு. பிறவியோடு வந்ததை மருத்துவர் மாற்ற முடியாதுதான். ஆனால் இந்த 37 விழுக்காடு பிறவியோடு வந்ததல்ல. இம்மரணங்களை ஆராய 2015-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வருவன நிமோனியா, வலிப்பு, மலச்சிக்கல் போன்றவை. மலச்சிக்கல் முற்றி ஒருவர் இறந்துபோகிறார் என்றால் அவரது வயிற்றைப் பற்றிப் பல வாரங்களாக யாரும் கேட்கவில்லை என்று பொருள்.

ஏன் கேட்கவில்லை? அமெரிக்க உளவியலாளர் ஸ்டீவன் ரைஸும் அவருடைய சகாக்களும் 1982-இல் ஒரு சோதனை செய்தார்கள். கடுமையான அச்சத்தால் அவதிப்படும் ஒருவரைப் பற்றிய குறிப்பை உளவியல் வல்லுநர்களிடம் கொடுத்தார்கள். சிலருக்குக் கொடுத்த குறிப்பில் மட்டும் அந்த ஆளுக்கு அறிவுசார் குறைபாடு உண்டு என்ற தகவல் சேர்க்கப்பட்டிருந்தது. அறிகுறிகள் ஒன்றே. ஆனால் அந்தத் தகவலைப் படித்தவர்களுக்கு அச்சம் ஒரு நோயாகப் படுவது குறைந்தது; குறைபாட்டின் கணக்கில் எழுதும் போக்கு தெரிந்தது. மருத்துவமனையில் தினமும் நடப்பதும் இதுதான். ஒருவர் தலையில் அடித்துக்கொள்கிறார் என்றால் காதில் சீழா, பல்லில் சொத்தையா, நெஞ்செரிச்சலா என்று பார்க்க வேண்டும். ‘இவங்க இப்படித்தான் செய்வாங்க’ என்ற ஒரு வாக்கியம் அத்தனை பரிசோதனைகளையும் நிறுத்திவிடுகிறது. இதற்குத் துணைபோகும் இன்னொரு நம்பிக்கை, இவர்களுக்கு வலி தெரியாது என்பது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களிடம் பனிக்கட்டியை வைத்து நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 2000-இல் லான்செட் இதழில் வந்தது. அவர்களுக்கு வலி தெரிந்தது. அதை வெளிப்படுத்தத்தான் மற்றவர்களைவிடச் சற்று நேரமாயிற்று; வலிக்கும் இடத்தைத் துல்லியமாகக் காட்டவும் சிரமப்பட்டார்கள். கேட்டுவிட்டுப் பத்து நொடிகூடக் காத்திராமல் அடுத்த கேள்விக்குப் போகிற மருத்துவருக்கு அந்த வலி இல்லாததாகவே தோன்றும்.

கேட்க வேண்டிய இடத்தில் மாத்திரை வந்து உட்காருவது இதன் அடுத்த கட்டம். உளநோய் எதுவும் உறுதிசெய்யப்படாமலே மனநல மருந்துகள் கொடுக்கப்படும் அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் இங்கிலாந்தில் மட்டும் 30,000 முதல் 35,000 பேர் இருக்கலாம் என்று அந்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறை 2015-இல் மதிப்பிட்டது. மறு ஆண்டே அந்த மருந்துகளைக் குறைக்க ஓர் இயக்கம் தொடங்க வேண்டியதாயிற்று. நம் நாட்டில் அப்படியொரு கணக்கு எடுக்கப்படவில்லை என்பதை நிம்மதிக்குரிய செய்தியாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. அமைதிப்படுத்தும் மருந்து கொடுத்தால் ஆள் அடங்கிவிடுவார். சொத்தைப் பல் சொத்தையாகவே இருக்கும். முன்பு அதைப் பற்றி அவர் தமது உடம்பைக் கொண்டு சொல்லிக்கொண்டிருந்தார், இப்போது அதுவும் இல்லை.

இங்கே ஒரு வலுவான எதிர்வாதம் வரும். இங்கிலாந்து அறிக்கைகளைக் கவனமாகப் படித்தவர்கள், ‘அங்கே குறையாகச் சொல்லப்பட்டதே குடும்பத்தாரின் பேச்சைக் கேட்கவில்லை என்பதுதானே? நாங்களோ குடும்பத்தாரிடம்தான் கேட்கிறோம். நாங்கள் செய்வதுதானே சரி?’ என்று கேட்கலாம். மைக்கேல் அறிக்கை அப்படிச் சொன்னது உண்மை. ஆலிவர் மெக்கோவன் என்ற 18 வயது இளைஞரின் மரணம் இதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு. ஆட்டிசமும், வலிப்பும், லேசான அறிவுசார் குறைபாடும் இருந்த அவர் 2016-இல் பிரிஸ்டல் நகர மருத்துவமனை ஒன்றில் சேர்க்கப்பட்டார். மனநோய் மருந்துகள் தமக்கு ஒத்துக்கொள்ளாது, கொடுக்க வேண்டாம் என்று அவரும் சொன்னார், பெற்றோரும் சொன்னார்கள். அப்படியிருந்தும் அத்தகைய மருந்தான ஒலான்சபின் கொடுக்கப்பட்டது. அதன் கடும் எதிர்விளைவால் மூளை வீங்கி நவம்பரில் இறந்துபோனார். மருந்து கொடுத்தது பொருத்தமே என்று 2018-இல் மரண விசாரணை அதிகாரி முடிவுசெய்தார் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் 2020-இல் வந்த தனி ஆய்வு, தவிர்த்திருக்கக்கூடிய மரணம் என்றது. இங்கிலாந்தில் மருத்துவ, பராமரிப்பு ஊழியர்கள் அனைவருக்கும் இந்தக் குறைபாடுகள் பற்றிய பயிற்சி கட்டாயம் என்று 2022-இல் சட்டம் வந்தபோது, அதற்கென உருவான பயிற்சிக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது. இந்தக் கதையில் பெற்றோரின் பேச்சு எடுபடவில்லை என்பதை மட்டும் பிடித்துக்கொள்கிறவர்கள் முன்பாதியைத் தவறவிடுகிறார்கள். ஆலிவரே சொன்னார். அவர் சொன்னது மருத்துவத் தகவலாக எடுத்துக்கொள்ளப்படவில்லை. நோயாளியின் வாய்மொழிக்கு மதிப்பில்லாத இடத்தில் அவரைப் பெற்றவர்களின் வாய்மொழி மட்டும் நிலைத்து நிற்காது. அவர்கள் பேச்சு மருத்துவருக்கு வசதியாக இருக்கும் வரைதான் செல்லும்.

அம்மாவைக் கேட்கவே கூடாது என்பது என் வாதமல்ல. என்ன கேட்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ‘இவனுக்கு என்ன செய்யுது?’ என்று அம்மாவைக் கேட்டால் அவரை மருத்துவராக்குகிறோம். அவர் ஊகித்துத்தான் சொல்ல முடியும். ‘நல்லா இருக்கும்போது இவர் எப்படி இருப்பார்? எப்படி உட்காருவார், என்ன சத்தம் போடுவார், எதைச் சாப்பிடாமல் விடவே மாட்டார்? இப்போது எது மாறியிருக்கிறது, எப்போதிலிருந்து?’ என்று கேட்டால் வேறு யாரிடமும் கிடைக்காத சான்று கிடைக்கும். வடகிழக்கு இங்கிலாந்தில் வலி தணிப்பு மருத்துவர்களும் செவிலியர்களும் சேர்ந்து உருவாக்கிய ‘டிஸ்டேட்’ என்ற படிவம் இந்த அடிப்படையில் அமைந்ததுதான். வலிக்கென்று எல்லாருக்கும் பொதுவான அடையாளங்கள் கிடையாது என்று அது எடுத்துக்கொள்கிறது. ஒருவருக்குத் துன்பம் வந்தால் முகம் சுருங்கும், இன்னொருவர் சிரிப்பார், மற்றொருவர் வழக்கமாகப் போடும் கூச்சலை நிறுத்திவிடுவார். நிம்மதியாக இருக்கும்போது அவர் எப்படி இருப்பார் என்று முன்கூட்டியே எழுதிவைத்தால்தான் மாற்றம் கண்ணில் படும். ஒரு வார்த்தைகூடப் பேசாதவரிடம் என்ன கேட்பது என்ற கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது. அவர் பேசிக்கொண்டுதான் இருக்கிறார். அதைப் படிக்கத் தெரிந்தவரின் உதவியோடு மருத்துவர் படிக்க வேண்டும். அப்போது அம்மா மகனுக்குப் பதிலாகப் பேசுவதில்லை, மகன் சொல்வதை எடுத்துச் சொல்கிறார்.

பேசக்கூடியவர்களைப் பற்றி வேறொரு புகார் உண்டு. ‘எதைக் கேட்டாலும் ஆமாம் என்பார்கள், அதை வைத்து எப்படி வைத்தியம் பார்ப்பது?’ புகாரில் உண்மை இருக்கிறது. கேரல் சீகெல்மனும் சகாக்களும் 1981-இலேயே இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். புரியாத கேள்விக்கும், கேட்பவர் எதிர்பார்க்கிறார் என்று தோன்றும் கேள்விக்கும் அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் பெரும்பாலும் ஆமாம் போடுகிறார்கள். ஆனால் இதிலிருந்து பெறவேண்டிய முடிவு கேட்காதே என்பதா, வேறு மாதிரிக் கேள் என்பதா? ‘வயிறு வலிக்குதா?’, ‘ஆமா.’ ‘தலை வலிக்குதா?’, ‘ஆமா.’ இந்த உரையாடலில் தவறு கேள்வியில் இருக்கிறது. எங்கே வலிக்கிறது என்று தொட்டுக் காட்டச் சொல்லலாம், உடம்பின் படத்தைக் கொடுத்து விரல் வைக்கச் சொல்லலாம். ‘எத்தனை நாளா?’ என்று கேட்டால் திகைப்பவர், ‘பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப வலிச்சுதா?’ என்றால் யோசித்துச் சொல்லக்கூடும். அதே கேள்வியைச் சிறிது கழித்து மாற்றிப் போட்டுப் பார்த்தால் பதில் நிற்கிறதா, நழுவுகிறதா என்று தெரிந்துவிடும். சொல்லப்போனால், மருத்துவர் முன்னால் ஆமாம் போடுவது இவர்களுக்கு மட்டும் உரிய வழக்கமும் அல்ல. மாத்திரையைச் சரியாகப் போடுகிறீர்களா என்று கேட்டால் படித்தவர்களே ஆமாம் என்றுதான் சொல்கிறார்கள். அதற்காக யாரும் அவர்களைக் கேட்காமல் விடுவதில்லை.

இதுவரை நோயைக் கண்டறிவது பற்றிப் பேசினோம். ஒப்புதல் என்று வரும்போது ‘கூட வந்தவர் போதும்’ என்ற கருத்தின் விலை இன்னும் கூடுகிறது. மகாராஷ்டிர மாநிலம் ஷிரூரில் இருந்த அரசு இல்லத்துப் பெண்களுக்கு 1994-இல் புனே சாசூன் மருத்துவமனையில் கர்ப்பப்பை அகற்றப்பட்டது. மாதவிடாய்ச் சுகாதாரத்தை அவர்களால் பேண முடியாது என்பது சொல்லப்பட்ட காரணம். நாடு முழுவதும் கண்டனம் எழுந்தது. அந்தப் பெண்களைச் சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் பேசிக்கொண்டார்கள், முடிவெடுத்தார்கள். கர்ப்பப்பைக்கு உரியவர்களின் விருப்பம் ஒரு பொருட்டாகவே இருக்கவில்லை. 2009-இல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. சண்டிகர் அரசு இல்லத்தில் வன்கொடுமைக்கு ஆளாகிக் கருவுற்றிருந்த, லேசான அறிவுசார் குறைபாடு உள்ள பெண்ணின் கருவைக் கலைக்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. அந்தப் பெண்ணோ குழந்தை வேண்டும் என்று சொல்லியிருந்தாள். கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையிலான அமர்வு உயர் நீதிமன்ற உத்தரவை ரத்து செய்தது. மனநோய் வேறு, அறிவுசார் குறைபாடு வேறு, இவர்களின் ஒப்புதல் இல்லாமல் கருவைக் கலைக்கச் சட்டத்தில் இடமில்லை என்றது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், மலடாக்கும் எந்தச் சிகிச்சையையும் அவரவரின் சுயமான, விவரம் அறிந்த ஒப்புதல் இல்லாமல் செய்யக் கூடாது என்று 10-ஆம் பிரிவில் சொல்கிறது. எல்லாரையும் போல இவர்களுக்கும் சட்டத் தகுதி உண்டு என்று 13-ஆம் பிரிவு சொல்கிறது. காப்பாளர் தேவைப்படுகிற இடத்திலும் அவரும் மாற்றுத்திறனாளியும் சேர்ந்து முடிவெடுப்பதையே 14-ஆம் பிரிவு எதிர்பார்க்கிறது. 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் பதினெட்டு வயதைக் கடந்தவர்களுக்கும் காப்பாளரை நியமிக்க வழி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, அதற்கு மாவட்ட அளவிலான குழுவிடம் விண்ணப்பித்து ஆணை பெற வேண்டும். பெற்றோர் என்பதாலேயே யாரும் பதினெட்டு வயது கடந்த பிள்ளைக்குச் சட்டப்படியான காப்பாளராகிவிடுவதில்லை. ஆணை எதுவும் கையில் இல்லாத அப்பாவிடம் படிவத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கும் மருத்துவமனை, தன்னைப் பாதுகாத்துக்கொண்டதாக நினைப்பது வீண் நம்பிக்கை.

ஊனச் சான்றிதழில் உள்ள விழுக்காட்டைக் காட்டி, இவரால் முடிவெடுக்க இயலாது என்று வாதிடுகிறவர்களும் உண்டு. அந்த எண் உதவித்தொகைக்கும் பயணச் சலுகைக்கும் ஆனது. ஊசி போட்டுக்கொள்ளச் சம்மதமா என்பதைப் புரிந்துகொள்ள முடிகிறவரால் இதய அறுவை சிகிச்சையின் ஆபத்துகளைப் புரிந்துகொள்ள முடியாமல் போகலாம். ஒவ்வொரு முடிவுக்கும் தனித்தனியாகத்தான் அந்தத் திறனைப் பார்க்க முடியும். இங்கிலாந்தின் 2005-ஆம் ஆண்டு மனத்திறன் சட்டம் இதைத் தெளிவாகவே வைத்திருக்கிறது. ஒருவர் முடிவெடுக்க உதவும் நடைமுறை வழிகள் அனைத்தையும் முயன்று தோற்ற பிறகே அவரால் முடியாது என்று கருதலாம். முயன்று பார்த்ததை நிரூபிக்க வேண்டிய பொறுப்பு மருத்துவர்மேல் விழுகிறது. நம் நடைமுறை இதற்கு நேர் எதிராக நிற்கிறது: முயலாமலே முடியாது என்கிறோம்.

எல்லாம் சரி, நேரத்துக்கு எங்கே போவது என்பது கடைசியாக வரும் மறுப்பு. நான் மதிக்கும் மறுப்பும் இது ஒன்றுதான். உலக நாடுகளில் மருத்துவர் ஒரு நோயாளிக்கு ஒதுக்கும் நேரம் பற்றி 2017-இல் வெளிவந்த தொகுப்பாய்வில் ஸ்வீடனுக்கு 22 நிமிடத்துக்கு மேல், இந்தியாவுக்கு ஏறத்தாழ 2 நிமிடம். அரசு மருத்துவமனையின் புறநோயாளிகள் வரிசை வாசலைத் தாண்டி நிற்கும்போது, பொங்கலை நினைவூட்டிக் கேள், படத்தைக் காட்டிக் கேள் என்று உபதேசிப்பது எளிது. ஆனால் அந்த இரண்டு நிமிடத்தில் நோயைத் தவறவிட்டால் அதே ஆள் முற்றிய நிலையில் அவசரப் பிரிவுக்கு வருவார். அங்கே ஆகும் நேரத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. மேலும், எல்லாவற்றையும் மருத்துவரே அந்த அறையிலேயே செய்ய வேண்டும் என்பதும் இல்லை. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் 2021 ஆகஸ்ட் முதல் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் ரத்த அழுத்த, சர்க்கரை நோயாளிகளின் வீடுகளுக்கே போகிறார்கள். அவர்கள் போகும் தெருவில் அறிவுசார் குறைபாடு உள்ள ஒருவர் இருந்தால், நன்றாக இருக்கும்போது அவர் எப்படி இருப்பார், வலித்தால் என்ன செய்வார், ஊசிக்குப் பயப்படுவாரா, எப்படிப் பேசினால் அவருக்குப் புரியும் என்று ஒரு பக்கத்தில் எழுதி வாங்கி மருத்துவச் சீட்டோடு தைத்துவைக்கலாம். இங்கிலாந்தில் ‘மருத்துவமனைக் கடவுச்சீட்டு’ என்ற பெயரில் இதைத்தான் செய்கிறார்கள். நம் ஊரில் ஒரு தாளுக்கு மேல் செலவில்லை. அரசு, தனியார் மருத்துவமனைகள் எல்லாவற்றிலும் மாற்றுத்திறனாளிகளுக்குத் தடையற்ற வசதியும், முன்னுரிமையும் தர வேண்டும் என்று உரிமைச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு ஏற்கெனவே சொல்கிறது. சாய்தளம் கட்டியதோடு அந்தப் பிரிவு நிறைவேறிவிட்டதாக நினைக்கிறோம். கூட்டமும் இரைச்சலும் இல்லாத நேரத்தில் வரச்சொல்வதும் தடையை நீக்குவதுதான்.

படம் போட்ட துண்டுப் பிரசுரம் அச்சிட்டுவிட்டால் கடமை முடிந்தது என்ற எண்ணத்திலும் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒவ்வொருவருக்கும் புரியும் வடிவில் தகவல் தரவேண்டும் என்று இங்கிலாந்து 2016-இல் விதியே கொண்டுவந்தது. அதன் பிறகும் அங்கே அறிவுசார் குறைபாடு உள்ளவர்களிடையே தவிர்த்திருக்கக்கூடிய மரணங்கள் 2021-இல் 49 விழுக்காடு, 2022-இல் 42 விழுக்காடு. கொரோனா அந்த எண்களைக் கூட்டியிருக்கும் என்று வைத்துக்கொண்டாலும், பொதுமக்களிடையே 2021-இல் அது 22-தான். தாள் பேசாது, ஆள்தான் பேச வேண்டும். கருவிகளும் அப்படித்தான். பேச்சு வராதவர்கள் படங்களைத் தொட்டுப் பேச உதவும் ‘ஆவாஸ்’ என்ற செயலி சென்னையிலேயே உருவானது. வித்யாசாகர் போன்ற சென்னை அமைப்புகள் பல ஆண்டுகளாக இத்தகைய மாற்றுத் தொடர்பு முறைகளைக் கற்றுக்கொடுத்து வருகின்றன. அப்படிக் கற்றுக்கொண்ட ஒருவர் தம் கையிலிருக்கும் படப் பலகையில் பதில் தேடிக்கொண்டிருக்கும்போது மருத்துவர் அம்மாவின் பக்கம் திரும்பிவிட்டால், செயலி என்ன செய்யும்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்தியாவில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் ஏறத்தாழ 15 லட்சம் பேர் என்றது. இவர்கள் எந்த வயதில், எதனால் இறக்கிறார்கள் என்று ஆராயும் தேசியத் திட்டம் நம்மிடம் இல்லை. இங்கிலாந்து திருந்திவிட்டதாக நான் சொல்லவில்லை. ஆனால் எண்ணத் தொடங்கியதால்தான் அங்கே விவாதம், சட்டம், பயிற்சி எல்லாம் வந்தன. எண்ணுவது தமிழ்நாட்டுக்குப் புதிதும் அல்ல. மகப்பேற்றில் ஒரு தாய் இறந்தால் என்ன நடந்தது, எங்கே தாமதமானது, யார் எதைக் கேட்கத் தவறினார்கள் என்று மாவட்ட அளவில் ஒவ்வொரு மரணத்தையும் விசாரிக்கும் நடைமுறை இங்கே பல ஆண்டுகளாக இருக்கிறது; தாய்மார்களின் இறப்பு விகிதம் குறைந்ததில் அதற்கும் பங்குண்டு. அதே விசாரணையை மருத்துவமனைகளில் இறக்கும் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கும் மக்கள் நல்வாழ்வுத் துறை தொடங்க வேண்டும். அந்தப் படிவத்தின் முதல் கேள்வி, நோயாளியிடம் யாராவது நேரடியாகப் பேசினார்களா என்பதாக இருக்கட்டும்.